2 மில்லியா, 3 மில்லியா? முதுகு ஊசியில் மருந்தின் அளவை எது தீர்மானிக்கிறது?

பிளவக்கல் அணைப் பக்கம் ஒருவருக்கு புரோஸ்டேட் வீங்கி சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, சிறுநீர்க்குழாயில் கல் சிக்கினாலோ, வத்திராயிருப்பைத் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், இல்லையென்றால் மதுரை என்று கிளம்ப வேண்டியதுதான். "வயிற்றைக் கிழிக்க வேண்டாம், சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை விட்டு முடித்துவிடலாம்" என்று டாக்டர் சொன்னதும் பாதி பயம் போய்விடும். "முதுகுல ஒரு ஊசி போடுவோம்" என்றதும் அது திரும்ப வந்துவிடும்.

'இடுப்பு போயிடும்', 'காலு விளங்காது' என்ற பேச்சை நம்பி, சிறுநீர் டியூபும் பையுமாக ஆபரேஷனை மாதக்கணக்கில் தள்ளிப்போடும் பெரியவர்கள் உண்டு. ஆனால் மயக்க மருத்துவரின் கவலை வேறு. சிரிஞ்சில் ஏற்றும் அந்த 2 அல்லது 3 மில்லி மருந்தில் எவ்வளவு கொடுப்பது என்பதுதான் அது.

எடை பார்த்துக் கொடுப்பதில்லையா?

பெரியவர்களுக்கு முக்கியமாக எடை பார்த்து முடிவு செய்வதில்லை. மரத்துப்போவது உடம்பில் எந்த உயரம் வரை ஏற வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதுதான் முதல் கணக்கு.

புரோஸ்டேட்டைச் சுரண்டி எடுக்கும் டி.யு.ஆர்.பி. சிகிச்சையில் கருவி நுழைவது கீழே. அப்படியானால் இடுப்புக்குக் கீழே மரத்தால் போதாதா? போதாது. உள்ளே தண்ணீர் விட்டு சிறுநீர்ப்பையை விரிக்கிறார்கள். பை விரியும் வலியைக் கொண்டுபோகும் நரம்புகள் முதுகுத்தண்டில் இன்னும் மேலே போய்ச் சேர்கின்றன. அதனால் தொப்புள் மட்டம் வரை மரக்க வேண்டும். சிறுநீர்க்குழாய்க் கல்லுக்கும் ஏறக்குறைய அதே மட்டம்தான். முதுகில் துளையிட்டு சிறுநீரகக் கல்லை எடுக்கும் பி.சி.என்.எல். என்றால் நெஞ்சுக்குழி வரை ஏற வேண்டும். அதற்குப் பலர் முழு மயக்கமே கொடுக்கிறார்கள்.

நன்னாரி சர்பத் கணக்கு

நம் மருத்துவமனைகளில் அதிகம் பயன்படுவது 'ஹெவி' புபிவகெய்ன். 0.5 சதவீதக் கரைசல் என்பதால் 1 மில்லியில் 5 மில்லிகிராம் இருக்கும். இதில் டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரை கலந்திருப்பதால், தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரைவிட இது கனமானது. தம்ளரில் ஊற்றிய நன்னாரி சிரப் அடியில் போய்த் தங்குவது மாதிரி, பள்ளமான பக்கம் இறங்கும். கொஞ்ச நேரம் உட்கார வைத்தால் கீழேயே நிற்கும், தலைப்பக்கம் தாழ்த்தினால் மேலே ஏறும். மருந்து நரம்புகளில் பிடிக்கும் வரை, முதல் சில நிமிடங்களுக்குத்தான் இந்த விளையாட்டு நடக்கும்.

எதுவரை ஏறியது என்று பார்க்கும் வழி எளிது. ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்து, "சில்லுனு இருக்காய்யா?" என்று கேட்டுக்கொண்டே மேலே போவார்கள். (அதே தியேட்டரில் கிடக்கும் காஸ் துணி ராஜபாளையம் பக்கத்து சத்திரப்பட்டியில் நெய்ததாக இருக்கலாம். பேண்டேஜ் துணிக்குப் பேர்போன ஊர் அது.)

கூடுதலாகக் கொடுத்துவிட்டால் என்ன?

வழக்கமான அளவு 10 முதல் 15 மில்லிகிராம், அதாவது 2 முதல் 3 மில்லி. வலி நிச்சயம் தெரியாது. ஆனால் மருந்து வலி நரம்பை மட்டும் பிடிப்பதில்லை, ரத்தக் குழாய்களை இறுக்கி வைத்திருக்கும் நரம்புகளையும் சேர்த்தே பிடிக்கிறது. குழாய்கள் தளர்ந்தால் ரத்த அழுத்தம் இறங்கும், மரப்பு ரொம்ப மேலே போனால் நாடித்துடிப்பும் குறையும். இளவட்டம் இதைத் தாங்கிவிடும். புரோஸ்டேட்டுக்காக வருபவர்களோ பெரும்பாலும் 60, 70 வயதைத் தாண்டியவர்கள். அந்த வயதில் அதே அளவு மருந்து இன்னும் உயரம் ஏறும்.

இந்தச் சிகிச்சைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ஆபரேஷன் நேரத்தில் கால்கள் தூக்கி வைக்கப்பட்டிருப்பதால் கால் ரத்தம் இதயத்துக்கு வந்துகொண்டிருக்கும், பி.பி. நன்றாக இருப்பதுபோலத் தெரியும். எல்லாம் முடிந்து காலை இறக்கும்போதுதான் சட்டென்று சரியும். எபிட்ரின், மெஃபென்டெர்மின் போன்ற மருந்துகளைத் தயாராக வைத்திருப்பது இதற்காகத்தான்.

நோயாளி விழித்திருப்பதே ஒரு பாதுகாப்பு என்பது பலருக்குத் தெரியாது. சாதாரண டி.யு.ஆர்.பி.யில் பயன்படும் கிளைசின் கரைசல் ரத்தத்தில் அதிகம் கலந்தால் சோடியம் குறையும். அப்போது நோயாளி குழம்பிப் பேசுவார், அமைதியில்லாமல் புரளுவார். அதுதான் முதல் எச்சரிக்கை. (சலைன் பயன்படுத்தும் பைபோலார் முறையில் இந்தச் சிக்கல் குறைவு.) சிறுநீர்ப்பையில் ஓட்டை விழுந்தால் வயிறும் தோளும் வலிக்கும். மரப்பு தேவைக்கு மேல் ஏறியிருந்தால் அந்த வயிற்று வலி தெரியாமலே போய்விடலாம்.

அப்படியானால் குறைத்துவிடலாமே?

குறைக்கலாம், அதற்கும் விலை உண்டு. மரப்பு தொப்புளை எட்டாமல் நின்றாலோ, பாதியில் மருந்து விட்டுப்போனாலோ, நடுவில் முழு மயக்கத்துக்கு மாற வேண்டிவரும். இதயமோ நுரையீரலோ சரியில்லை என்பதால் முதுகு ஊசி போட்டவருக்கு அதைவிட மோசம் எதுவும் இல்லை.

நடுவழி ஒன்று இருக்கிறது. புபிவகெய்னைக் குறைத்து, கூடவே துளி ஃபென்டனைல் சேர்ப்பது. 2003-ல் துருக்கி மருத்துவர்கள் டி.யு.ஆர்.பி. செய்த 40 முதியவர்களிடம் இதைப் பரிசோதித்தார்கள். ஒரு பாதிக்கு 7.5 மில்லிகிராம் புபிவகெய்ன் மட்டும். மறுபாதிக்கு 4 மில்லிகிராமோடு 25 மைக்ரோகிராம் ஃபென்டனைல். இரண்டாவது குழுவில் ஆபரேஷனும் தடையின்றி முடிந்தது, பி.பி. சரிவும் நடுக்கமும் குறைவாக இருந்தன. சிலருக்கு ஃபென்டனைலால் அரிப்பு வரும். ஆனால் 40 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. வேகமாக முடிக்கும் சர்ஜனுக்குப் போதும் அளவு, பெரிய புரோஸ்டேட்டோடு ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டும்போது போதாது. அதனால் சர்ஜனிடம் "எவ்வளவு நேரம் ஆகும் சார்?" என்று கேட்காமல் மயக்க மருத்துவர் சிரிஞ்சை நிரப்புவதில்லை.

கல் எடுக்க வருபவர்களுக்குக் கணக்கு வேறு. அரைமணி நேர வேலைக்கு முழு அளவு புபிவகெய்ன் போட்டால் கால் அசையவே சில மணி நேரம் ஆகலாம், சிறுநீர் தானாகப் பிரியவும் தாமதமாகும். சாயங்காலம் பஸ் பிடித்து ஊர் திரும்ப நினைப்பவருக்கு அது தொந்தரவு. இதற்காகவே சுமார் ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும் குளோரோபுரொகெய்னைச் சில இடங்களில் பயன்படுத்துகிறார்கள்.

கால் விளங்காமல் போகுமா?

பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பு எலும்பின் முதல் அல்லது இரண்டாவது கணுவோடு முடிந்துவிடும். ஊசி அதற்குக் கீழே, தனித்தனி நரம்புகள் மிதக்கும் நீரில்தான் இறங்குகிறது. நிரந்தரப் பாதிப்பு மிக அரிது. தலைவலி வரலாம். 1898 ஆகஸ்டில் ஜெர்மனியின் கீல் நகரில் இந்த முறையைத் தொடங்கிவைத்த ஆகஸ்ட் பியரே தன் முதுகில் ஊசி ஏற்றிப் பார்த்து, நாள்கணக்கில் தலைவலியோடு கிடந்தவர்தான். இன்றைய மெல்லிய ஊசிகளில் அது வெகுவாகக் குறைந்துவிட்டது, வயதானவர்களுக்கு இன்னும் குறைவு.

டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

எல்லா மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோவது நல்லது. குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை ஊசிக்கு 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது, இதய மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும். புரோஸ்டேட்டுக்குச் சாப்பிடும் டாம்சுலோசினும் பி.பி.யை ஓரளவு இறக்கக்கூடியது. இதய வால்வு சுருக்கம், பழைய முதுகு ஆபரேஷன், முன்பு இதே ஊசி போட்டபோது மயங்கியது, இதில் எது இருந்தாலும் தியேட்டருக்குள் போவதற்கு முன்பே, முதல் நாள் பரிசோதனையிலேயே சொல்லிவிட வேண்டும். அளவைக் குறைப்பதா, ஊசியே வேண்டாம் என்று முழு மயக்கத்துக்குப் போவதா என்பதை அப்போதுதான் முடிவு செய்வார்கள்.