எடுத்த சதைக்கும் ஓர் எக்ஸ்ரே

மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமில் உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால், சிலருக்கு பயாப்ஸி, அதாவது ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது, செய்யச் சொல்வார்கள். அவை சுண்ணாம்புப் படிவுகள். பெரும்பாலானவை தீங்கற்றவை; சில கொத்துகள் மட்டும் ஆரம்பநிலைப் புற்றுநோயைக் காட்டிக்கொடுப்பவை. இவை பெரும்பாலும் கைக்குத் தட்டுப்படுவதில்லை. ஊசி அந்த இடத்தைத் தவறவிட்டுப் பக்கத்துச் சதையை எடுத்துவிட்டால், 'புற்றுநோய் இல்லை' என்று ரிப்போர்ட் வரும். ரிப்போர்ட்டில் பிழையே இருக்காது. சோதித்த சதைதான் வேறு.

இதற்காகத்தான் எடுத்த துணுக்குகளையே எக்ஸ்ரே எடுக்கிறார்கள். புள்ளிகள் அதில் தெரிந்தால் ஊசி சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது. தெரியாவிட்டால் அங்கேயே மறுபடி எடுக்கலாம். உடலுக்கு வெளியே எடுக்கும் படம் என்பதால் நோயாளிமேல் கதிர்வீச்சு படாது. கட்டியை அகற்றும் அறுவையிலும், வெட்டியெடுத்த பகுதியின் விளிம்புவரை நோய் வந்திருக்கிறதா என்று இப்படிப் பார்ப்பதுண்டு. இறுதி முடிவைச் சொல்வது மைக்ரோஸ்கோப்தான்.

எடுத்த சதையை எக்ஸ்ரே எடுப்பது புதிதல்ல. பெர்லின் அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமன், அகற்றப்பட்ட சுமார் 3000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்ததை 1913இல் வெளியிட்டார். மேமோகிராமின் கதையே அங்குதான் தொடங்குகிறது. இன்று இத்தாலியின் திரியெஸ்தே நகரிலுள்ள எலெட்ரா சிங்க்ரோட்ரான் போன்ற, செறிவான எக்ஸ்ரே தரும் கூடங்களில், திசுவைக் கடக்கும்போது கதிர் எவ்வளவு விலகுகிறது என்பதையும் சேர்த்துப் பதிவுசெய்து, மென்சதையின் நுணுக்கங்களைத் துலக்கமாகப் பார்க்கிறார்கள். வியப்பான வேலைதான். ஆனாலும் ஆய்வுக்கூட வேலை. இதைக் காட்டி 'பயாப்ஸியே தேவையில்லை' என்று யாரேனும் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

புள்ளிகளுக்காக பயாப்ஸி செய்தால், "டாக்டர், எடுத்த சதையில் அந்தப் புள்ளி வந்திருக்கிறதா?" என்று கேளுங்கள். ரிப்போர்ட் வந்தபின், "இதுவும் மேமோகிராமும் ஒத்துப்போகிறதா?" என்று கேளுங்கள். படம் சந்தேகத்துக்குரியதாக இருந்து ரிப்போர்ட் நல்லவிதமாக வந்தால், நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடக் கூடாது. மறுபயாப்ஸி தேவையா என்று அப்போதே பேசிவிட வேண்டும்.

வேறொரு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்பது உங்கள் உரிமை. மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிமுறைகள். எழுத்தில் கேட்டு, நகலில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அலட்சியத்தால் பாதிப்பு நேர்ந்தால் மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் தரலாம். கட்டணம் செலுத்திய சிகிச்சை என்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாக நடக்கும் மருத்துவமனைக்கு அந்த வழி பொருந்தாது. அரசு மருத்துவமனைப் பதிவுகளுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உண்டு.

மறுகருத்துக்குப் போகும்போது ஸ்லைடு மட்டும் போதாது. சதையைப் பதித்த மெழுகு பிளாக்கையும் கேளுங்கள். புற்றுநோய்க்கு எந்த மருந்து பொருந்தும் என்று காட்டும் ஈஆர், பிஆர், ஹெர்2 சோதனைகளை மறுபடி செய்ய அதுதான் வேண்டும். வழியில் காரின் டாஷ்போர்டில், வெயில் படும்படி அதை வைக்காதீர்கள். மெழுகு இளகிவிடும்.