கவுண்ட் ஏறினால் மட்டும் போதுமா?

"கவுண்ட் ஏறியிருக்கா மேடம்?" ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஓர் அண்ணன், உட்காரும் முன்பே கேட்பார். திண்டுக்கல்லில் எச்.ஐ.வி. ஆலோசகராக இருக்கும் எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். உயிர்மேல் உள்ள ஆசை அது. ஆனால் பதில் அவ்வளவு சுலபமில்லை.

கவுண்ட் என்பது ரத்தத்தில் உள்ள சிடி4 அணுக்களின் எண்ணிக்கை. மற்ற நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு உத்தரவு கொடுப்பவை இவை. அவற்றைத்தான் எச்.ஐ.வி. அழிக்கிறது. வேறு நோய்களுக்கான மருந்துகளையும் எச்.ஐ.வி.க்கு முயன்று பார்ப்பார்கள்; எச்.ஐ.வி.க்கு வந்த முதல் மருந்தே அப்படி ஒரு பழைய மருந்துதான். 1964-இல் புற்றுநோய்க்காகத் தயாரித்து, பலிக்காமல் மூலையில் போட்ட ஏ.இசட்.டி., 1987-இல் அமெரிக்காவில் எச்.ஐ.வி.க்கு அனுமதி பெற்றது.

அடுத்து, சிறுநீரகப் புற்றுநோய்க்குத் தரும் இன்டர்லூகின்-2. வழக்கமான எச்.ஐ.வி. கூட்டுமருந்தோடு அதையும் சேர்த்துக் கொடுத்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவு 2009-இல் வந்தது. கவுண்ட் நன்றாகவே ஏறியது. நோயும் மரணமும் குறையவில்லை! அணுக்கள் இருந்தால் போதாது, வேலை செய்ய வேண்டும்.

நீண்ட நாள் தொற்றில் எதிர்ப்பு அணுக்கள் களைத்துப்போகின்றன. அவற்றின் மேல் பி.டி.-1 என்ற புரதம் பிரேக் போல அழுத்திக்கொண்டிருப்பதை 2006-இல் கண்டார்கள். அந்தப் பிரேக்கை விடுவிக்கும் பெம்ப்ரோலிசுமாப் என்ற புற்றுநோய் மருந்தை, புற்றுநோயும் எச்.ஐ.வி.யும் சேர்ந்து உள்ளவர்களிடம் ஆராய்ந்திருக்கிறார்கள். எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் ஆபத்து இருப்பதால், அது இன்னும் எச்.ஐ.வி. சிகிச்சையாகவில்லை.

சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினும் எச்.ஐ.வி.க்காக ஆய்வில் இருக்கிறது. கேள்விப்பட்டு மெடிக்கலில் நீங்களாக வாங்கிவிடாதீர்கள். நம் சிகிச்சை மையங்களில் தரும் எச்.ஐ.வி. மருந்தான டொலுடெக்ராவிர், ரத்தத்தில் மெட்ஃபார்மின் அளவைக் கூட்டும். சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள்.