மறுபடியும் அதே வாசலுக்கு

அக்டோபர் மாதத்தின் முதல் வாரத்திலும் பொங்கலை ஒட்டிய நாட்களிலும் நம் ஊர்களிலுள்ள முதியோர் இல்லங்களின் முன்னே பள்ளிக்கூட வண்டிகள் வந்து நிற்பதைக் காணலாம். சீருடை அணிந்த பிள்ளைகள் பழமும் ரொட்டியும் போர்வையும் நிறைந்த பைகளோடு வரிசையாக இறங்குவார்கள். கூடத்தில் நாற்காலிகளில் அமர்த்தப்பட்டிருக்கும் முதியவர்களின் எதிரே நின்று ஒரு பிரார்த்தனைப் பாட்டைப் பாடுவார்கள். ஒவ்வொருவராகச் சென்று பையைக் கொடுத்து, புகைப்படத்துக்கு நின்று, மதிய உணவு வேளைக்கு முன்பே வண்டியில் ஏறிவிடுவார்கள். இதை நடத்தும் ஆசிரியர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு அணுவளவும் சந்தேகமில்லை. அந்தப் பிள்ளைகளில் சிலர் அன்றிரவு உறக்கம் வராமல் புரண்டிருப்பார்கள் என்பதையும் நம்புகிறேன். துன்பத்தைக் கண்டவுடன் மனம் இளகுவது மனித சுபாவம். அதற்குப் பள்ளிக்கூடம் வேண்டியதில்லை. இளகிய மனம் வாரம் ஒன்று கழிந்த பின்பும் அதே மனிதரை ஞாபகத்தில் வைத்து, அவருடைய வாசலுக்கு மறுபடியும் நடந்து போகும்படி செய்வதற்கே சிக்ஷை வேண்டும். நம் கல்வி ஸ்தாபனங்கள் பெரும்பாலும் கைவிட்டுவிடுவதும் அந்தப் பகுதியைத்தான்.

அதைக் கைவிடாத ஓர் இடத்தைச் சொல்கிறேன். 1993-ஆம் ஆண்டு கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் டாக்டர் கே. சுரேஷ்குமாரும் அவர்களுடைய நண்பர்களும் வலி நிவாரணத்துக்கென்று ஒரு சிறிய புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார்கள். புற்றுநோய் முற்றி, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு, விலை குறைந்த மார்ஃபின் மாத்திரையைக் கொண்டே வலியைத் தணிக்க முடியும் என்பதை அவர்கள் நடைமுறையில் காட்டினார்கள். ஆயினும் பஸ் ஏறி வரத் திராணியுள்ளவர்களுக்கு மட்டுமே அந்த உதவி எட்டிற்று. படுக்கையை விட்டு எழ முடியாதவரின் வீட்டுக்கு யார் போவது, மருந்தால் தீராத தனிமைக்கும் வறுமைக்கும் யார் துணை நிற்பது என்ற கேள்விகளுக்கு மருத்துவமனைச் சுவர்களுக்குள் விடை இல்லாமையால், அந்தப் பத்தாண்டின் முடிவில் மலப்புறம் மாவட்டத்துச் சாமானிய ஜனங்களிடமே அந்தப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. தன் ஊரிலுள்ள நோயாளிகளுக்காக வாரத்துக்கு 2 மணி நேரமாவது ஒதுக்கச் சம்மதிக்கும் எவரும் தொண்டராகலாம். 16 மணி நேர வகுப்பும், நோயாளிகளிடையே 4 அமர்வுகளும் அவருக்குப் பயிற்சி. கடைக்காரரும் ஆட்டோ ஓட்டுபவரும் ஓய்வு பெற்ற ஆசிரியையும் சேர்ந்த அந்தக் கூட்டத்தில் கல்லூரி மாணவர்களும் வந்து சேர்ந்தார்கள். 2008-இல் கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கையை வகுத்து, உள்ளாட்சி அமைப்புகளின் கடமைகளில் ஒன்றாக இதை ஆக்கிற்று. இந்தியாவில் அப்படியொரு கொள்கையை முதலில் வகுத்த மாநிலம் அதுவே.

‘பாலியேட்டிவ்’ என்று மலையாளிகள் ஒற்றைச் சொல்லில் குறிப்பிடும் இந்தச் சேவையில் மாணவன் செய்யும் வேலை என்ன என்பதைச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். காலையில் ஒரு ஜீப் புறப்படுகிறது. செவிலியர் ஒருவர், உள்ளூர்த் தொண்டர் ஒருவர், வண்டி ஓட்டுபவர், அவர்களோடு மாணவர்கள் இருவர். பையில் கையுறை, பஞ்சு, கட்டுத்துணி, சிறுநீர்க் குழாய், மாத்திரைகள், பதிவேடு. தென்னையிலிருந்தோ கமுகிலிருந்தோ விழுந்து முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்த இளைஞனின் வீடு ஒன்று. வாதம் தாக்கிப் பேச்சிழந்த மூதாட்டியின் வீடு ஒன்று. வாயில் புற்றுநோய்ப் புண் உள்ளவரின் வீடு ஒன்று. புண்ணைச் சுத்தம் செய்வதும் குழாயை மாற்றுவதும் செவிலியரின் காரியம். இரண்டு மணிக்கொருமுறை படுக்கையில் திருப்பிவிடாவிட்டால் புண் வந்துவிடும் என்பதைக் குடும்பத்தாருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பது, திருப்பும்போது தோளைத் தாங்கிப் பிடிப்பது, துர்நாற்றம் வீசும் புண்ணின் மேல் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினால் நாற்றம் அடங்கும் என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வது, அரிசிப் பானை காலியாக இருப்பதைக் கவனித்துத் தொண்டரிடம் மெதுவாகச் சொல்வது, அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி நோட்டு வேண்டுமா என்று விசாரிப்பது ஆகியவற்றில் மாணவர்களுக்கும் பங்கு உண்டு. இவை யாவற்றையும் விட அதிக நேரம் அவர்கள் செய்வது, உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதே.

கேட்பது எவ்வளவு சிரமமான வித்தை என்பது அங்கே போனால்தான் விளங்கும். நின்றுகொண்டு பேசாதே, படுத்திருப்பவரின் கண்மட்டத்துக்கு வந்து உட்கார், கைக்கடிகாரத்தைப் பார்க்காதே, எல்லாம் சரியாகிவிடும் என்று பொய் ஆறுதல் சொல்லாதே, அவர் கேளாத உன் மதபோதனையை அவர்மேல் சுமத்தாதே, அந்த வீட்டில் கேட்டதை வெளியே சொல்லாதே. பயிற்சி வகுப்புகளில் இவற்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பதினெட்டு வயதுப் பையனுக்கு இவற்றுள் மிகக் கடினமானது மௌனம்தான். ‘நான் எப்போது சாவேன்?’ என்று ஒருவர் கேட்கும்போது அவனுக்கு நா எழுவதில்லை. எழ வேண்டிய அவசியமுமில்லை. எழுந்து ஓடாமல் இருந்தால் போதும். அடுத்த வாரம் அதே வீட்டுக்குள் அவன் நுழையும்போது, ‘போன வாரம் உனக்குப் பரீட்சை என்றாயே, எப்படி எழுதினாய்?’ என்று அந்த மனிதர் விசாரிக்கிறார். தரும கைங்கரியம் செய்ய வந்தவனாகத் தன்னை நினைத்திருந்த மாணவன், தன்னைப் பற்றியும் கவலைப்பட அங்கே ஒரு ஜீவன் இருக்கிறது என்பதை அப்போதுதான் அறிகிறான். முதல் விஜயத்தில் அவன் நோயைப் பார்த்தான். மனிதரைப் பார்ப்பது அதற்குப் பிற்பாடுதான் நடக்கிறது. முடங்கிய கால்களோடு குடை கட்டியும் காகிதப் பேனா சுற்றியும் சம்பாதிப்பவர்களின் பொருள்களைக் கல்லூரிக்குக் கொண்டுபோய் மாணவர்கள் விற்றுத் தரும்போது, கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்ற பேதமே மங்கிவிடுகிறது. பழப்பையை நீட்டிவிட்டு வண்டியேறும் பிள்ளைக்கு இந்த அனுபவம் கிட்ட வழியே இல்லை என்பதுதான் என் மனத்தாங்கல்.

வார்தாவுக்கு அருகே சேவாக்கிராமத்தில், டாக்டர் சுசீலா நய்யார் 1969-இல் நிறுவிய மருத்துவக் கல்லூரியும் இதே உண்மையை வேறொரு பாதையில் கண்டது. ஒவ்வோர் ஆண்டின் மாணவர் குழுவும் ஒரு கிராமத்தைத் தத்தெடுத்து, முதலாண்டில் 15 நாட்கள் அங்கேயே தங்கி, ஒவ்வொரு மாணவரும் தமக்கென்று ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் சுகதுக்கங்களைத் தெரிந்துகொண்டு, பின்பு மாதந்தோறும் அதே குடும்பங்களுக்குத் திரும்பிச் செல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம், மாணவர்கள் குடும்பங்களைத் தத்தெடுக்கும் முறையை நாட்டிலுள்ள மருத்துவக் கல்லூரிகள் அனைத்துக்கும் விதித்தது. கட்டாயத்தினால் கருணை வருமா என்று கேட்பவர்கள் உண்டு. முதல் தடவை வாசற்படி ஏறுவதற்குக் கட்டாயம் உதவுமானால் அதில் தோஷமில்லை என்றே எண்ணுகிறேன். ஆனால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து விழுந்ததும் காரியம் முடிந்தது என்று கருதும் பேராசிரியரின் கையில் எந்த நல்ல விதியும் உயிரற்றதாகிவிடும்.

மருத்துவ மாணவர்களை விட்டுவிடுவோம். மற்றவர்களுக்கு என்ன வழி? காந்தியடிகளின் நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் இன்று நம் கல்லூரிகள் பலவற்றில் இருக்கிறது. அதில் சேர்ந்த மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் உழைக்க வேண்டும்: பயிற்சிக்கு 20, கல்லூரி வளாகப் பணிக்கு 30, மக்களிடையே பணி செய்ய 70. இந்தக் கணக்கை மலப்புறத்துக் கணக்கோடு வைத்துப் பார்த்தபோது எனக்கு மிகுந்த உற்சாகம் உண்டாயிற்று. அவர்களுடைய 16 மணி நேர வகுப்பு நம்முடைய 20-க்குள் அடங்கிவிடுகிறது. வாரம் 2 மணி நேரமாகப் பகுத்தால் 70 மணி நேரம் 35 வாரங்களுக்கு வருகிறது, அதாவது ஏறக்குறைய ஒரு கல்லூரி ஆண்டு முழுவதற்கும். போவதற்கு வீடுகளும் உள்ளன. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்குச் செவிலியர்களும் இயன்முறை மருத்துவர்களும் சென்று வருகிறார்கள். அவர்களோடு கல்லூரி ஒன்றுக்குப் பத்துப் பிள்ளைகளையேனும், வீட்டாரின் சம்மதத்தைப் பெற்று, உரிய பயிற்சியும் கொடுத்து, புகைப்படக் கருவியை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பலாமே! சாலையைப் பெருக்கி மரக்கன்று நடும் நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமும் நடக்கட்டும், அதனால் நஷ்டமொன்றுமில்லை.

ஒரு சங்கடத்தை மட்டும் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். கல்லூரிக்குக் கோடை விடுமுறை உண்டு. படுக்கையில் இருப்பவருக்கு அது கிடையாது. வாரந்தோறும் வந்துகொண்டிருந்த பிள்ளை ஏப்ரல் மாதத்தில் திடீரென்று நின்றுபோனால், அவர் இழப்பது ஏதோ ஒரு சேவையை அல்ல, பழகிய ஒரு முகத்தை. ஆதலால், ஊருக்குப் போகும் மாணவர் அதற்கு ஒரு மாதம் முன்பே அதை அவரிடம் சொல்ல வேண்டும். அதே ஊரில் இருக்கப்போகும் இன்னொருவரை இரண்டு மூன்று வாரங்கள் உடன் அழைத்துச் சென்று பழக்கப்படுத்த வேண்டும். விடுமுறையிலும் தொலைபேசியில் அவரை விசாரிக்க வேண்டும். திட்ட அலுவலராக இருக்கும் பேராசிரியர் ஜூன் மாதத்தில் பெயர்களைப் பதியும்போதே, அடுத்த ஏப்ரலில் எந்த வீட்டுக்கு யார் போவார் என்ற பத்தியையும் அந்தப் பதிவேட்டில் வரைந்து கொள்ளலாம்.