ஆச்சி பேசிய மொழிகள்

மொழி மாறினால் நகைச்சுவையும் கூடவே வருமா? மன்னார்குடியில் பிறந்து, செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் வளர்ந்த நடிகை 'ஆச்சி' மனோரமாவுக்கு வந்தது. தமிழில் கொடிகட்டிப் பறந்த ஆச்சி, தெலுங்கு, மலையாளம், கன்னடப் படங்களிலும் நடித்தார். 1974-இல் இந்தி நகைச்சுவை நடிகர் மெஹ்மூத் இயக்கிய 'குன்வாரா பாப்' படத்தில் அவரோடு சேர்ந்தும் நடித்தார்.

வேற்று மொழியில் சிரிக்க வைப்பது லேசான காரியமில்லை. சோக வசனத்தைக் கண்ணீர் காப்பாற்றிவிடும். சிரிப்பு வசனமோ, கொஞ்சம் தாளம் தப்பினாலே விழுந்துவிடும். ஆச்சி இந்தத் தாளத்தைத் தமிழுக்குள்ளேயே பழகியவர். 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் நாடகக்காரி ஜில் ஜில் ரமாமணியாக, வெகுளியாக இழுத்து இழுத்துப் பேசி மனதை அள்ளினார். அதே ஆண்டு 'பொம்மலாட்டம்' படத்துக்காக, அசல் மெட்ராஸ் பாஷையில், சொந்தக் குரலிலேயே ஒரு பாட்டுப் பாடினார். தெலுங்கும் உருதும் கலந்த அந்தப் பேச்சு, வடசென்னையின் கொடுங்கையூர், வியாசர்பாடி, ராயபுரம் பக்கம் இன்றும் காதில் விழும். பாட்டைக் கேட்டால், பாடியவர் பள்ளத்தூரில் வளர்ந்தவர் என்று வடசென்னைக்காரர்களே நம்பமாட்டார்கள்!