எழுத்துப் பழகிய குரங்குகள்

குரங்கு கண்டதைச் செய்யும் என்போம். அது எழுத்தையும் பார்த்துப் பழகும் என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே?

பிரான்சின் தெற்கே ரூசே என்ற ஊரில் ஓர் ஆய்வு நிலையம் உண்டு. அங்கே பபூன் குரங்குகள் தாயும் குட்டியுமாகக் கூட்டமாக வாழ்கின்றன. ஆய்வுக்கென்றால் குரங்கைக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனிக்கூட்டில் அடைப்பதே நெடுங்கால வழக்கம். ஜோயல் ஃபாகோ என்ற விஞ்ஞானி அதை மாற்றினார். குரங்குகளின் இருப்பிடத்தை ஒட்டிச் சிறு அறைகள் அமைத்து, தொடுதிரைக் கணனிகளை வைத்தார். விரும்பிய குரங்கு விரும்பிய நேரம் உள்ளே போகலாம்; அலுத்தால் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளலாம். கையில் தோலுக்கடியில் பதித்த சில்லைக் கொண்டு வந்திருப்பது யார் என்று கணனி அறிந்துகொள்ளும். அது விட்ட இடத்திலிருந்தே பாடத்தைத் தொடரும்.

2012ஆம் ஆண்டு வெளியான முடிவு உலகையே வியக்க வைத்தது. திரையில் நான்கு எழுத்துக்கள் தோன்றும். அது உண்மையான ஆங்கிலச் சொல்லா, வெறும் எழுத்துக் கோவையா என்று குரங்கு திரையைத் தொட்டுக் காட்ட வேண்டும். சரியென்றால் கொஞ்சம் கோதுமை. பிழையென்றால் சில விநாடிகள் திரை பச்சையாகும், அவ்வளவுதான். ஆறு குரங்குகள் பழகின. டேன் என்ற குரங்கு 308 சொற்களை இனங்கண்டது. ஆகக் குறைந்தது 81. நூற்றுக்கு எழுபத்தைந்து அளவில் விடைகள் சரியாக இருந்தன. முன்பு காணாத சொல்லைக் காட்டியபோதும், எந்த எழுத்தோடு எந்த எழுத்து சேரும் என்ற பழக்கத்தால், வெறும் எழுத்துக் கோவையைவிட அதை அதிகமாகச் சொல் என்று காட்டின.

அவற்றுக்கு ஒரு சொல்லின் பொருளும் தெரியாது. ஆகவே இது வாசிப்பல்ல, வாசிப்பின் முதற்படி. எழுத்தின் வரிசையைக் கண் பிடித்துக்கொள்ளும் திறமை, பேச்சில்லாத உயிருக்கும் இருக்கிறது. பொருள் என்பது நம் பிள்ளைகளுக்கு உம்மாவின் பேச்சிலிருந்தும் கதையிலிருந்தும் வருகிறது. அதைக் கணனி கொடுக்காது.

குரங்கும் குழந்தையும் ஒன்றல்ல. ஆனாலும் யோசியுங்கள். அடியுமில்லை, அதட்டலுமில்லை, சொந்தக் கூட்டத்தின் நடுவே, திரும்பத் திரும்பப் பார்த்தே அவை பழகின. "ர"வும் "ற"வும் மாறிப்போனதற்காகத் தலையில் குட்டு வாங்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் இல்லையா? இன்று மாலை பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, அந்த எழுத்தை இன்னொரு முறை காட்டுங்கள். பொறுமையாக.