வேலியே பயிரை மேய்ந்தபோது

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை ஏறும் நம்மில் பலர் நெற்றியில் சந்தனம் இடாமல் திரும்புவதில்லை. மணக்கும் அந்த மரத்திற்காக ஒரு சிற்றூரே சூறையாடப்பட்டது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

2023ஆம் ஆண்டில் வெளிவந்த 'கில்லர்ஸ் ஆஃப் தி ஃபிளவர் மூன்' என்ற திரைப்படத்தின் வழி, அமெரிக்காவின் ஓசேஜ் பழங்குடியினர் கதை நம் மாணவர்களுக்கு அறிமுகமாகியிருக்கும். அதைப் பார்த்த நண்பர்கள் "அமெரிக்காவிலா இப்படி?" என்று என்னிடம் வியந்தனர். தமிழ் மண்ணிலும் அதையொத்த ஒரு வரலாறு உண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒக்லஹோமாவில் ஓசேஜ் மக்களின் நிலத்தடியில் எண்ணெய் இருந்தது. 1906ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் வருமானம் இனத்தின் 2,229 பேருக்கும் சம பங்காகப் பிரிந்தது. பங்கை விற்க முடியாது. வாரிசாக மட்டுமே பெற முடியும். எனவே பேராசை கொண்டோர் அம்மக்களை மணந்துகொண்டனர், பிறகு கொன்றனர். 1920களில் துப்பாக்கியாலும் நஞ்சாலும் வெடிகுண்டாலும் குறைந்தது 24 பேர் மாண்டனர். பலரது பணத்தை நிர்வகிக்க வெள்ளையர்களே 'பாதுகாவலர்' ஆக நியமிக்கப்பட்டிருந்தனர். 'தன் பணத்தைத் தானே ஆளத் தகுதியற்றவர்' என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். கொலைகளுக்குச் சூத்திரதாரியான வில்லியம் ஹேல், ஓசேஜ் மக்களின் நண்பன் என்று பெயரெடுத்தவன்! 1929இல் ஆயுள் தண்டனை பெற்ற அவன், 1947இல் பரோலில் வெளியே வந்துவிட்டான்.

இனித் தமிழகத்திற்கு வருவோம். தர்மபுரி மாவட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள ஊர் வாச்சாத்தி. அங்கு வாழ்வோர் பெரும்பாலும் 'மலையாளி' எனப்படும் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். (கேரள மக்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அவர்களைச் சுற்றியிருந்த காட்டில் சந்தன மரங்கள் இருந்தன. கடத்தலால் கொழுத்தவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள். ஆனால், 'கடத்தல்காரர்கள்' என்ற பெயர் அவ்வூர் மக்கள்மீது விழுந்தது.

1992 ஜூன் 20ஆம் நாள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஊரைச் சூழ்ந்தனர். வீடுகள் நொறுக்கப்பட்டன, தானியங்கள் பாழாக்கப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். காட்டைக் காக்க வேண்டியவர்களும் மக்களைக் காக்க வேண்டியவர்களும் சேர்ந்தே இதைச் செய்தனர்.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இரண்டு இடங்களிலும் கொடுமைக்கு முன்பே ஒரு பெயர் சூட்டப்பட்டுவிட்டது. அங்கே 'தகுதியற்றவர்', இங்கே 'கடத்தல்காரர்'. அந்தப் பெயர் ஒட்டியபின், அவர்கள் சொல்வதை நம்ப ஆளில்லை. பெயர்தான் முதல் ஆயுதம். துப்பாக்கியும் தடியும் பிறகுதான் வருகின்றன.

ஆயினும், வாச்சாத்திப் பெண்கள் வாய்மூடி இருக்கவில்லை. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் துணை நின்றனர். வழக்கு நீதிமன்றம் ஏறியது. 1995இல் விசாரணை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. குற்றஞ்சாட்டப்பட்டோர் 269 பேர். தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29இல் தீர்ப்பளித்தது. அவர்களின் மேல்முறையீடுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29இல் தள்ளுபடி செய்தது. உண்மையான கடத்தல்காரர்களைக் காப்பாற்றவே இந்த நாடகம் நடந்தது என்றும் அது கண்டறிந்தது. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. இதற்கு 31 ஆண்டுகள் ஆயின! ஓசேஜ் மக்களின் சொத்தைச் சரிவர நிர்வகிக்காததற்காக அமெரிக்க அரசு 38 கோடி டாலர் தர இணங்கியதும் அதே 2011இல்தான். அதற்கோ ஒரு நூற்றாண்டே கடந்துவிட்டது.

பினாங்கில் படிக்கும் நமக்கு இதிலிருந்து என்ன பாடம்? நம் நாட்டிலும் தோட்டப்புறத்திலிருந்து வந்த தமிழ் இளைஞன் என்றால் 'குண்டர் கும்பல்' என்றும், பூர்வகுடி மக்கள் என்றால் 'பின்தங்கியவர்கள்' என்றும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். படித்த நாமே அதை விடுதி அறைகளில் நகைச்சுவையாகச் சொல்கிறோம். நாளை நம்மில் பலர் வழக்கறிஞராக, ஆசிரியராக, அரசு அதிகாரியாக அமர்வோம். அன்று நம் மேசைக்கு வரும் கோப்பில் ஒரு மனிதரின் பெயருக்கு முன்னால் இப்படியோர் அடைமொழி இருக்கலாம். அதை எழுதியவர் யார், அதனால் இலாபம் அடைபவர் யார் என்று கேட்ட பிறகே நாம் கையொப்பமிட வேண்டும். வேலியாக அமரப்போகும் நமக்கு அந்தக் கேள்வி இன்றே பழகட்டும்.