உயரம் ஏற ஏறப் பெருகும் நியூட்ரான்கள்

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களில் பெரும்பாலானவை புரோட்டான்கள். அவை காற்று மண்டலத்தின் மேலடுக்கில் நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கருக்களை மோதி உடைக்கும்போது நியூட்ரான்கள் சிதறுகின்றன. அவை மேலும் பல அணுக்களை மோதிக்கொண்டே கீழிறங்கி, வழியிலேயே ஆற்றலை இழக்கின்றன. தரையை எட்டுவது மிகச் சிறு பங்குதான்.

திருவள்ளூர் மாவட்டத்து வள்ளூர் கடல் மட்டத்தை ஒட்டிய ஊர். அங்கே நிற்பவரின் தலைக்கு மேல் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் சுமார் ஒரு கிலோ காற்று இருக்கிறது. பத்து மீட்டர் ஆழத் தண்ணீருக்கு நிகரான காப்பு இது. நியூட்ரான்களின் அளவைத் தீர்மானிப்பது இந்தக் காற்றின் எடையே. அதனால்தான் வங்கக் கடலில் புயல் நெருங்கி, காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தாலும் நியூட்ரான் எண்ணிக்கை சுமார் 0.7 சதவீதம் கூடுகிறது. பத்து ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் ஏறக்குறைய 7 சதவீதம்! எண்ணூர்க் கழிமுகம் போன்ற நீர்ப்பரப்பின் மேல், காய்ந்த தரையைவிட மெதுவான நியூட்ரான்கள் குறைவு. தண்ணீரிலுள்ள ஹைட்ரஜன் அவற்றின் வேகத்தை மட்டுப்படுத்தி விழுங்கிவிடுகிறது.

மலையேறினால் காப்பு மெலிகிறது. தரைக்கு அருகே, உயரம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கூடும்போதெல்லாம் நியூட்ரான்கள் இரட்டிக்கின்றன. 2,200 மீட்டர் உயரத்து ஊட்டியில் கடலோரத்தைப் போல் நாலைந்து மடங்கு. 3,500 மீட்டரில் உள்ள லேயில் பத்து மடங்குக்கும் மேல். விமானம் பறக்கும் 11 கிலோமீட்டரில் இது நூறு மடங்கு என்ற அளவை எட்டும். ஆனால் இந்தப் பெருக்கம் முடிவில்லாமல் தொடர்வதில்லை. சுமார் 20 கிலோமீட்டருக்கு மேலே மோதுவதற்குக் காற்றே போதாததால், நியூட்ரான்கள் குறையத் தொடங்குகின்றன.

உயரத்தோடு கதிர்வீச்சு கூடுவதை 1912இல் பலூனில் 5,300 மீட்டர் வரை ஏறிச்சென்று கண்டவர் விக்டர் ஹெஸ். 1936இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் இயற்பியலாளர் மில்லிக்கனின் குழு சென்னையில் கருவிகளைப் பலூன்களில் அனுப்பி அளந்தது. பூமத்திய ரேகைக்கு அருகே பூமியின் காந்தப்புலம் குறைந்த ஆற்றல் கதிர்களைத் திருப்பிவிடுகிறது என்பதை அந்த அளவீடுகள் உறுதிப்படுத்தின. நமக்கு வாய்த்த இரண்டாவது காப்பு இது. நியூயார்க்கில் கடல் மட்டத்தில், ஒரு சதுர சென்டிமீட்டரை மணிக்கு சுமார் 13 அதிவேக நியூட்ரான்கள் கடக்கின்றன. தமிழகக் கடலோரத்தில் அதில் ஏறக்குறைய பாதிதான். ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வகம் காஸ்மிக் கதிர்களை இன்றும் கண்காணித்து வருகிறது.

உலக சராசரியில் ஒருவருக்கு ஆண்டுக்கு இயற்கையாகக் கிடைக்கும் 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சில், காஸ்மிக் நியூட்ரான்களின் பங்கு 0.1 மில்லிசீவர்ட் அளவே. ஊட்டியில் சில நாள் தங்குவோர் இதற்காக அஞ்ச வேண்டியதில்லை. ஆண்டு முழுதும் பறக்கும் விமானிகளுக்கும் பணிப்பெண்களுக்கும்தான் இந்தக் கணக்கு முக்கியம்; அவர்கள் பெறும் கதிர்வீச்சைச் சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் தொழில்சார் பாதிப்பாகவே வகைப்படுத்தியிருக்கிறது.